ஜப்பானியர் பாட்டும் நம் வீட்டு ஆண்மக்களும்

சென்ற திங்களில் ஒரு மாலைப்பொழுது, காக்ஸ் டவுன் சந்தைக்கு அண்மையிலுள்ள தெருவொன்றில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை தேடி இந்நகருக்கு வந்தவர் அவர். அவருடைய மகன் கல்லூரி மாணவன். வாசற்படியில் அமர்ந்து, காதுகளில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கண்களை மூடித் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி என்ன கேட்கிறார்?" என்று வினவினோம்.

"அதை ஏன் கேட்கிறீர்கள், ஐயா! தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஜப்பான் பாட்டாம்! ஓர் எழுத்தும் விளங்காத பாட்டில் என்ன சுகமோ, எனக்குத் தெரியவில்லை" என்றார் நண்பர்.

மகன் இயர்போனைக் கழற்றிவிட்டு அமைதியாகச் சொன்னான்: "அப்பா, டோக்கியோவிலே 'முத்து' படம் ஓடினபோது கைதட்டினவர்களுக்குத் தமிழ் தெரியுமா? அதை எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள்!"

நண்பர் பதிலின்றிச் சிரித்துவிட்டார். ஆனால் பையன் கூறியது வேடிக்கைப் பேச்சன்று. 1995-ஆம் ஆண்டு நம் நாட்டில் வெளிவந்த 'முத்து', 1998-ஆம் ஆண்டு டோக்கியோவின் ஷிபுயா பகுதியிலுள்ள சினிமா ரைஸ் அரங்கில் திரையிடப்பெற்றுப் பல மாதங்கள் ஓடியது. நம் பெங்களூரில் பிறந்து, இங்கே பேருந்து நடத்துநராகப் பணியாற்றிய ரஜினிகாந்தின் ஆட்டத்தையும், ஏ. ஆர். ரஹ்மானின் இசையையும் ஜப்பானிய மக்கள் தம் மொழி எழுத்துகளைத் திரையில் படித்தவாறே சுவைத்தனர். கடல் கடந்து சென்ற நம் பாட்டை அவர்கள் வரவேற்றார்கள். அங்கிருந்து வரும் பாட்டை நாம் வாசலிலேயே நிறுத்திவைப்பது முறையாகுமா?

பின்னர்த் தனியே பேசிக்கொண்டிருந்தபோது பையன் மற்றொரு செய்தியையும் கூறினான். அவன் கிதார் வாசிப்பவன். நண்பர் மூவரோடு சேர்ந்து சிறு இசைக்குழு ஒன்றை அமைத்திருக்கிறான். தமிழில் தானே எழுதிய பாட்டு ஒன்று அவனுடைய குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் அதை எவர் முன்னும் பாடியதில்லை. "ராக் என்றால் இங்கிலீஷில்தான் பாட வேண்டும். தமிழில் பாடினால் சிரிப்பார்கள், சித்தப்பா" என்றான்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ் என்று வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவ்வாறு நாணிக் குறிப்பேட்டை மூடிவைத்திருக்கிறார்களோ! இதே ஐயம் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய இளைஞரையும் வாட்டியது. அவர்கள் அதை எவ்வாறு வென்றார்கள் என்பதை அறிந்தால் நம் பிள்ளைகளுக்குத் துணிவு பிறக்கும். அதன்பொருட்டே அந்நாட்டு இசைக்குழுக்கள் சிலவற்றை இங்கே பரிந்துரைக்கிறோம்.

ஆண்மக்களுக்கு என்பது ஏன்?

பெண்மக்கள் இவற்றைக் கேட்கலாகாது என்பது நம் கருத்தன்று. ஓசாகாவில் 1981-ஆம் ஆண்டு மூன்று பெண்கள் தொடங்கிய 'ஷோனென் நைஃப்' என்னும் குழு உலகெங்கும் புகழ் பெற்றிருக்கிறது. எனினும் நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் தம் துயரைத் தாயிடமோ தமக்கையிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லி ஆற்றிக்கொள்வர். ஆண்மகனோ, 'அழக்கூடாது' என்று கேட்டே வளர்ந்தவன். தந்தையும் மகனும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் சாப்பாட்டையும் கட்டண ரசீதையும் தவிர வேறெதுவும் பேசாத வீடுகள் பல. அவ்வாறு பூட்டிய நெஞ்சுக்கு ஏற்ற பாட்டுகள் ஜப்பானிய இசையில் நிறைய உண்டு. ஆகவே ஆண்மக்களை முன்னிறுத்தி எழுதுகிறோம்.

மேல்நோக்கி நடந்த பாட்டு

முதலில் கேட்க வேண்டியது கியூ சகாமோட்டோ 1961-ஆம் ஆண்டு பாடிய பாட்டு. 'மேல்நோக்கி நடப்போம்' என்பது அதன் தலைப்பின் பொருள். கண்ணீர் கீழே சிந்திவிடாதிருக்க வானத்தைப் பார்த்தபடி தனியே நடந்து செல்லும் ஒருவனின் பாட்டு அது. சீழ்க்கை ஒலியும் இனிய மெட்டுமாக, கேட்பவர்க்கு முதலில் மகிழ்ச்சிப் பாட்டாகவே தோன்றும். பொருளை அறிந்த பின்னரே அதன் துயரம் விளங்கும். எழுதியவர் ரோகுசுகே எய். இசையமைத்தவர் ஹாச்சிடாய் நாகமுரா.

மேலைநாட்டார் அதற்கு 'சுகியாகி' என்று பெயரிட்டனர். அது ஜப்பானிய இறைச்சி உணவு ஒன்றின் பெயர். பாட்டோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. பெயர் மாறியபோதும் மொழி மாறவில்லை. ஜப்பானிய மொழியிலேயே ஒலித்த அப்பாட்டு, 1963-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது. சகாமோட்டோ 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் நேர்ந்த வானூர்தி விபத்தில் உயிர் நீத்தார். பாட்டு இன்றும் வாழ்கிறது.

தாய்மொழியில் ராக் பாடலாமா?

இனி, நாம் முன்னே குறிப்பிட்ட ஐயத்துக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய இசையுலகில் பெரிய வாதம் ஒன்று எழுந்தது. ராக் இசையின் தாளத்துக்கு ஜப்பானிய மொழி பொருந்தாது, உலகம் கேட்க வேண்டுமாயின் ஆங்கிலத்திலேயே பாட வேண்டும் என்றனர் ஒரு சாரார். யூயா உச்சிடா என்னும் இசைஞர் அவர்களில் முதன்மையானவர். அவர் ஊக்குவித்த 'ஃபிளவர் டிராவலின் பேண்ட்' ஆங்கிலத்தில் பாடிற்று. 1971-ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களுடைய 'சடோரி' என்னும் இசைத்தட்டு இன்றும் மதிக்கப்படுகிறது.

மற்றொரு சாரார், 'நாம் நினைப்பது எம்மொழியிலோ அம்மொழியிலேயே பாடுவோம்' என்றனர். 1969-ஆம் ஆண்டு தோன்றிய 'ஹாப்பி எண்ட்' குழுவினர் அவர்கள். ஹருவோமி ஹோசோனோ, எயிச்சி ஓடாகி, ஷிகெரு சுசுகி, தகாஷி மட்சுமோட்டோ என்னும் நால்வர். முரசு வாசித்த மட்சுமோட்டோவே பாட்டும் எழுதினார். 1971-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'கசேமாச்சி ரோமான்' அவ்வாதத்துக்கு விடையாக அமைந்தது. 'காற்றூர்' என்பது போன்ற ஒரு கற்பனை ஊர் அதில் வருகிறது. 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்காக இடித்து மாற்றப்பட்ட பழைய டோக்கியோவின் நினைவே அவ்வூர்.

இதைக் கேட்கும்போது காக்ஸ் டவுன்வாசிகளான நமக்கு வேறொரு நினைவும் எழும். மரநிழலும் ஓட்டுக்கூரையும் சுற்றுத் தோட்டமுமாக நின்ற பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து அடுக்குமாடிகள் எழுவதை நாமும் கண்டுகொண்டிருக்கிறோம் அன்றோ? அத்தட்டிலுள்ள 'கசே ஓ அட்சுமெதே' என்னும் மென்மையான பாட்டிலிருந்து தொடங்குக. 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' என்னும் ஆங்கிலப் படத்திலும் அது இடம்பெற்றது. ஆங்கிலத்தில் பாட மறுத்தவர்களின் பாட்டை ஆங்கிலப் படமே தேடி எடுத்துக்கொண்டது என்பது எண்ணத்தக்கது.

சென்னையின் பெயர் தாங்கிய இசைத்தட்டு

மேற்கூறிய ஹோசோனோ 1978-ஆம் ஆண்டு ஓவியர் தடானோரி யோகோவுடன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்பயணத்தின் விளைவாக 'கொச்சின் மூன்' என்னும் இசைத்தட்டு பிறந்தது. மின்னிசைக் கருவிகளால் ஆன அத்தட்டின் இறுதிப் பகுதிக்கு மெட்ராஸ் நகரின் பெயரைச் சேர்த்துத் தலைப்பிட்டிருக்கிறார். நம் மண்ணின் பெயர் ஜப்பானிய இசைத்தட்டு ஒன்றில் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதே ஆண்டில் அவர் ரியூயிச்சி சகாமோட்டோ, யுகிஹிரோ தகாஹாஷி ஆகியோருடன் 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா'வைத் தொடங்கினார். கணிப்பொறியையும் மின்னிசைப் பெட்டியையும் கொண்டு ஆடத்தக்க இசை படைத்தோருள் இவர்கள் முன்னோடிகள். 1979-ஆம் ஆண்டு வெளிவந்த 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' கேட்கத்தக்கது. கணிப்பொறி நிறுவனங்களில் பணியாற்றும் நம் இளைஞருக்கு இது பெரிதும் பிடிக்கும். சகாமோட்டோ 'தி லாஸ்ட் எம்பரர்' படத்தின் இசைக்காக ஆஸ்கர் விருதைப் பிறருடன் பகிர்ந்து பெற்றவர். அவரும் தகாஹாஷியும் 2023-ஆம் ஆண்டு காலமாயினர்.

முழக்கம் விரும்புவோர்க்கு

பெங்களூர் நகரம் வன்மையான ராக் இசைக்குப் பெயர்பெற்றது. 2007-ஆம் ஆண்டு 'அயர்ன் மெய்டன்' குழுவும், 2011-ஆம் ஆண்டு 'மெட்டாலிகா' குழுவும் அரண்மனைத் திடலில் பாடியபோது திரண்ட இளைஞர் கூட்டத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அவ்வகை விரும்புவோர், ஓசாகாவில் 1981-ஆம் ஆண்டு தோன்றிய 'லவுட்னெஸ்' குழுவைக் கேட்கலாம். அகிரா தகாசாகியின் கிதார் விரைவு வியக்கத்தக்கது. அமெரிக்கச் சந்தைக்காக அவர்கள் ஆங்கிலத்திலும் பாடினர்.

அடுத்து 'எக்ஸ் ஜப்பான்'. இளமைத் தோழர்களான யோஷிகி, தோஷி இருவரும் 1982-ஆம் ஆண்டு தொடங்கிய குழு. யோஷிகி முரசையும் வாசிப்பார், பியானோவையும் வாசிப்பார். 1993-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆர்ட் ஆஃப் லைஃப்' என்னும் ஒரே பாட்டு 29 நிமிடம் நீள்வது. ஆலாபனையும் தானமும் பல்லவியுமாக ஒரே இராகத்தில் மணிக்கணக்கில் தோயப் பழகிய நமக்கு அந்நீளம் ஒரு தடையன்று.

இக்குழுவினர் முகத்தில் வண்ணம் தீட்டி, தலைமுடியை வானோக்கி நிறுத்தி மேடையேறினர். 'ஆண்பிள்ளைக்கு இதென்ன கோலம்?' என்று பெற்றோர் முகம் சுளிக்க வேண்டா. நம் தெருக்கூத்தில் ஆடவரே அரிதாரம் பூசி, கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து விடியவிடிய ஆடவில்லையா? துரியோதனனாக வேடம் புனைந்தவரின் ஆண்மையை எவரும் ஐயுற்றதில்லை.

தோழமை விரும்புவோர்க்கு

கோலமும் முழக்கமும் வேண்டாதவர்க்கு எளிய குழுக்களும் உண்டு. 1985-ஆம் ஆண்டு தோன்றிய 'தி புளூ ஹார்ட்ஸ்' குழுவின் 'லிண்டா லிண்டா' 1987-ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகம் இழிவாகக் கருதும் சிற்றுயிரிடத்தும் அழகைக் காணும் பாட்டு அது. மூன்றே நிமிடத்தில் முடியும். மனத்தில் நெடுநாள் நிற்கும். கிதார் பழகத் தொடங்கும் சிறுவர்க்கும் எளிது.

'ஸ்பிட்ஸ்' குழு 1987-ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று சேர்ந்த நால்வரே இன்றும் பிரியாமல் பாடிவருகின்றனர். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த 'ராபின்சன்' அவர்களுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. பாடகர் மசமுனே குசானோவின் மென்குரல், இரவில் பணி முடிந்து பேருந்தில் திரும்புகின்றவர்க்கு நல்ல துணை.

'பம்ப் ஆஃப் சிக்கன்' என்பது விந்தையான பெயர். எளியோரின் எதிரடி என்று அதற்குப் பொருள் கூறுகின்றனர். சிபா மாவட்டத்துச் சகுரா ஊரில் சிறுவயது முதல் ஒன்றாக வளர்ந்த நான்கு நண்பர்களின் குழு இது. 2001-ஆம் ஆண்டு வெளிவந்த 'தென்டாய் கன்சோகு' என்னும் பாட்டில், நள்ளிரவு கடந்த வேளையில் ஒரு பையன் தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு ரயில்வே கேட்டுக்கு வந்து காத்திருக்கிறான். இரவெல்லாம் ரயிலோசை கேட்டு வளர்ந்த காக்ஸ் டவுன் பிள்ளைகளுக்கு அக்காட்சி அயலானதாகத் தோன்றாது.

'ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன்' 1996-ஆம் ஆண்டு யோகோஹாமாப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் அமைத்த குழு. பாடகர் மசஃபுமி கோட்டோ மூக்குக்கண்ணாடி அணிந்த, நம் பக்கத்து வீட்டுப் பையன் போன்ற தோற்றமுடையவர். 'நருடோ' என்னும் சித்திரத் தொடரின் தொடக்கப் பாட்டுகளுள் ஒன்றான 'ஹருகா கனாட்டா' இவர்களுடையது. 2004-ஆம் ஆண்டு வெளிவந்த 'ரீரைட்' என்னும் பாட்டையும் கேட்க. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜப்பானிய இசையை இத்தகைய சித்திரத் தொடர்களின் வழியாகவே அறிந்தனர். 2025-ஆம் ஆண்டு 'டெமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ்க் குரலிலேயே திரையரங்குகளுக்கு வந்தபோது, பேச்சு தமிழிலும் பாட்டு ஜப்பானிய மொழியிலுமாக நம் பிள்ளைகள் கேட்டனர்.

மீசை நரைத்த பின்னும்

அண்மைக் காலத்துக் குழு ஒன்றையும் குறிப்பிடுவோம். 'ஆஃபீஷியல் ஹிகே டாண்டிஸம்' 2012-ஆம் ஆண்டு ஷிமானே மாவட்டத்தில் தோன்றியது. 'ஹிகே' என்றால் மீசை, தாடி. மீசை பொருந்தும் வயது வந்த பின்னும் உள்ளத்துக்கு எழுச்சி தரும் இசையைத் தொடர்ந்து படைக்க வேண்டும் என்பதே பெயரின் கருத்து. பாடகர் சடோஷி ஃபுஜிஹாரா ஊர் வங்கி ஒன்றில் வேலை பார்த்தவாறே பாடிவந்தவர். 2019-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரிடெண்டர்' கைகூடாத காதலைப் பாடுவது. வேலைக்குச் சேர்ந்ததும் கிதாரைப் பரண்மீது ஏற்றிவிடும் நம் இளைஞர்க்கு இவர் வரலாறு ஓர் அறிவுரை.

கேட்கும் முறை

முதலில் பாட்டை இருமுறை பொருள் தேடாமல் கேட்க. பின்னர் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு மூன்றாம் முறை கேட்க. தமிழர்க்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய வாக்கியத்திலும் நம் வாக்கியத்தைப் போலவே வினைச்சொல் இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றன. அவர்களுடைய அடிப்படை எழுத்துகள் 46. அ, இ, உ, எ, ஒ என ஐந்து உயிர்கள். பின்னர் க, ச, த, ந என்று வரிசை செல்லும். இந்திய எழுத்துமுறையைப் பௌத்தர் கொண்டுசென்றதன் சுவடு அது. அரிச்சுவடி படித்த பிள்ளைக்கு இது விளையாட்டுப் போன்றது. நம் நகரில் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஜப்பான் ஹப்பா' விழாவுக்குக் குடும்பத்தோடு சென்று வருவதும் நன்று.

ஒன்று மட்டும் வற்புறுத்துவோம். இயர்போனில் ஒலியை மிகைப்படுத்த வேண்டா. 80 டெசிபெல் அளவாயின் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஒலி கூடக் கூட நேரம் குறைய வேண்டும். வாரம் ஒரு நாளாவது இயர்போனைக் கழற்றிவிட்டு, வீட்டார் அனைவரும் கேட்கும்படி கூடத்தில் பாட்டை ஒலிக்கச் செய்க.

நாம் பெறும் பாடம்

ஜப்பானியர் மேலைநாட்டுக் கருவியை எடுத்துக்கொண்டனர். தம் மொழியை விட்டுவிடவில்லை. நம் பக்கத்திலும் அவ்வழி தொடங்கிவிட்டது. இந்நகரின் ரகு தீட்சித் சிசுநாள ஷரீபரின் கன்னடப் பாடல்களைக் கிதாரோடு பாடி உலக மேடைகளில் நின்றார். பெங்களூரில் தோன்றிய 'அகம்' குழு கருநாடக இசையை ராக் இசையோடு இணைத்துத் தமிழ்ப் பாடல்களையும் பாடுகிறது. 2018-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் சேர்த்து, சாதிக் கொடுமையைத் தமிழிலேயே கண்டித்தது. ஆகவே, தமிழில் பாடினால் சிரிப்பார்கள் என்னும் அச்சத்துக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் அம்மாலையில் பையனிடம் கூறிக்கொண்டிருந்தோம். நண்பரும் அருகில் வந்து அமர்ந்தார். "மேலே பார்த்து நடக்கிற பாட்டு என்றீர்களே, அதைப் போடச் சொல்லுங்கள்" என்றார். மகன் இயர்போனை எடுத்துவிட்டுக் கைபேசியில் அப்பாட்டை ஒலிக்கச் செய்து, பொருளையும் மெல்லச் சொன்னான். பாட்டு முடிந்த பின் நண்பர் சற்று நேரம் பேசவில்லை.

"ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிப் பெங்களூர் கிழக்கு நிலையத்தில் இறங்கின அன்று, நானும் இப்படித்தான் மேலே பார்த்துக்கொண்டே நடந்தேன்" என்றார் பிறகு. "கையிலே ஒரு பெட்டி. இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று."

இருபது ஆண்டுகளாக மகன் கேட்டறியாத செய்தி அது. பையன் எழுந்து உள்ளே சென்றான். திரும்பி வந்தபோது அவன் கையில் கிதாரும் குறிப்பேடும் இருந்தன. முதல் அடியில் குரல் சற்று நடுங்கிற்று. இரண்டாம் அடியில் நிலைத்தது. தமிழ்ப் பாட்டு. ஒருவரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை எதைக் கேட்கிறான் என்று ஒரு நாள் அருகமர்ந்து வினவுங்கள். இளைஞர்களே, குறிப்பேட்டைத் திறவுங்கள்.